மூளை முடக்குவாதமும் நமது கடமையும்

பொழுது புலரும் வேளையில் நெசவுத் தெருவொன்றில் நடந்து சென்றால், வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும். அவ்வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. கணவன் நெய்வான், மனைவி தார் சுற்றுவாள், முதியவர் அறுந்த இழைகளைப் பிணைப்பார். ஆனால் கைகால்கள் விறைத்து, தலை நிமிராமல், மூலையில் பாய்மீது கிடக்கும் குழந்தை ஒன்று அவ்வீட்டில் இருக்குமாயின், அதைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. விருந்தினர் வந்தால் அக்குழந்தை உள்ளறைக்குக் கொண்டு செல்லப்படும். உழவர் இல்லங்களிலும் நிலைமை வேறன்று. களையெடுக்கச் செல்லும் தாய், கட்டிலில் கிடக்கும் பிள்ளையை எண்ணியபடியே வயலில் குனிந்து நிற்கிறாள்.

“பூர்வஜன்ம வினை” என்பார் சிலர். “கிரகணத்தன்று வெளியே வந்தாள்” என்று தாயைப் பழிப்பார் வேறு சிலர். அங்கத்தினர்களே! இது வினையும் அன்று. தாயின் குற்றமும் அன்று. இதற்கு மூளை முடக்குவாதம் என்று பெயர்.

நோயின் இயல்பு

குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிரசவ சமயத்திலோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ, வளரும் மூளைக்கு நேரும் சேதத்தினால் உடலின் அசைவும் நிலையும் குன்றுவதே மூளை முடக்குவாதமாகும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருவர் அல்லது மூவருக்கு இது ஏற்படுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. மூளையில் நேர்ந்த சேதமும் நாளுக்கு நாள் பரவுவதில்லை.

ராச்டேல் நெசவாளர்கள் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்த 1844-ம் ஆண்டை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முந்திய ஆண்டில்தான் லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர் குழந்தைகளின் இத்தகைய விறைப்பைத் தமது சொற்பொழிவுகளில் விவரிக்கத் தொடங்கினார். கஷ்டமான பிரசவமே இதற்குக் காரணம் என்று அவர் 1861-ம் ஆண்டில் எடுத்துரைத்தார். பல குழந்தைகளுக்குச் சேதம் பிரசவத்திற்கு முன்னரே நேர்ந்திருக்கக் கூடும் என்று 1897-ம் ஆண்டில் சிக்மண்ட் பிராய்டு கருதினார். இரண்டிலும் உண்மை உண்டு என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடை, கர்ப்பிணியைத் தாக்கும் ருபெல்லா போன்ற தொற்றுகள், பிறக்கும்போது மூச்சுத் திணறல், பிறந்த சில நாட்களில் காணும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவை முக்கிய காரணங்கள். காரணம் இன்னதென்று துலங்காத குழந்தைகளும் பலர் உண்டு.

இந்நோயின் போக்கை நெசவாளருக்கு எளிதில் விளக்கலாம். பாவின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால், நூல் எவ்வளவு உயர்ந்ததாயினும் துணி கோணிப் போகும். இக்குழந்தைகளின் தசைகளும் அவ்வாறே. மூளையிலிருந்து வரும் கட்டளை சீராக இல்லாமையால், சில தசைகள் எப்போதும் இறுகி நிற்கின்றன. எலும்பு வளர, இறுகிய தசை அதற்கு ஈடாக நீளாமல் மூட்டை வளைத்துவிடுகிறது. ஆகையால்தான் பயிற்சியை இளமையிலேயே தொடங்க வேண்டும் என்கின்றனர் வைத்தியர்கள்.

பேச்சு வேறு, அறிவு வேறு

நம் மக்களிடையே வேரூன்றியுள்ள பெரும் பிழை ஒன்று உண்டு. வாய் குழறினால் அறிவும் குழறியது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்நோயுற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறை உண்டு என்பது மெய்யே. மற்றப் பாதிப் பேருக்கு அக்குறை இல்லை என்பதும் மெய்யல்லவா? குறை உள்ள குழந்தையும் தன் அளவில் கற்கவே செய்யும். நாக்கையும் உதட்டையும் இயக்கும் தசைகள் இணங்காமையால் பேச்சு வராத குழந்தை, நாம் அதைப் பற்றி அதன் முன்னிலையில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் கிடக்கிறது.

பம்பாயில் மிது அலூர் என்னும் அம்மையார், இந்நோயுடன் பிறந்த தம் மகள் மாலினி சிப் படிப்பதற்கேற்ற பள்ளி இந்நாட்டில் இல்லாமையைக் கண்டு, 1972-ம் ஆண்டில் அதற்கென ஒரு சங்கத்தையே நிறுவினார். மாலினி கல்லூரியில் பட்டம் பெற்று, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் பெற்று, ஒற்றை விரலால் தட்டெழுதித் தம் வாழ்க்கையை நூலாக்கினார். நம் சென்னையிலும் 1981-ம் ஆண்டில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமும், 1985-ம் ஆண்டில் பூனம் நடராஜன் அவர்களால் இன்று வித்யாசாகர் என வழங்கும் நிறுவனமும் தோன்றின. பேச இயலாத குழந்தைகள் படங்களையும் எழுத்துகளையும் சுட்டிக்காட்டியும், கண்ணசைவாலும் தம் எண்ணத்தை உரைக்கும் முறைகள் இன்று பெருகியுள்ளன.

எப்படிக் கண்டறிவது?

நான்கு மாதமாகியும் தலை நில்லாமை, கைவிரல்களை எப்போதும் இறுக மூடியிருத்தல், கால்கள் கத்தரிக்கோல் போல் பின்னிக்கொள்ளுதல், ஒன்பது மாதமாகியும் உட்காராமை, ஓராண்டு நிறையுமுன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல், பால் குடிக்கவும் விழுங்கவும் திணறுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். “தானாகச் சரியாகிவிடும்” என்று காத்திராமல், அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். 2013-ம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்கி வருகின்றன.

இந்நோயை முற்றிலும் போக்கும் மருந்து இல்லை. உண்டென்று கூறிப் பணம் பறிப்போரை நம்பலாகாது. சூடு வைப்பதும் முரட்டுத்தனமாக உருவிவிடுவதும் கொடுமையே. தசைப் பயிற்சி, கைத்தொழிற் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தக்க நாற்காலி, காலணைகள், வேண்டுமிடத்து மருந்தும் அறுவைச் சிகிச்சையும் ஆகியவையே பயன் தருவன. படுக்கவைத்து உணவூட்டினால் உணவு மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். இந்தச் சிறு செய்தி எத்தனை வீடுகளில் தெரியும்?

சட்டம் தந்த உரிமைகள்

2012-ம் ஆண்டில், இந்நோயுடைய ஜீஜா கோஷ் என்னும் பெண்மணி, கோவாவில் நடந்த மாநாட்டுக்குச் செல்வதற்காகக் கல்கத்தாவில் விமானம் ஏறி அமர்ந்தார். அவருடைய உடல்நிலையைக் காரணம் காட்டி அவரைக் கீழே இறக்கிவிட்டனர். அவர் வழக்காடினார். 2016-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்த விமானத்தார் செய்ததைப் பழிக்கும் நாம், நம் வீட்டுத் திருமணங்களில் இத்தகைய பிள்ளையைப் பந்திக்கு அழைத்திருக்கிறோமா?

அதே 2016-ம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்தது நூற்றுக்கு நாற்பது பாதிப்பு உள்ளவரென்று சான்று பெற்ற குழந்தைகள் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமோ, பெற்றோரின் நெஞ்சை இரவெல்லாம் அரிக்கும் ஒரு கேள்விக்கு வழி காட்டுகிறது: “எங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?” வயது வந்தபின் துணை தேவைப்படுவோருக்கு, மாவட்ட ஆட்சியர் அந்தஸ்துள்ள அதிகாரி அடங்கிய உள்ளூர்க் குழு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். அவ்வறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறவும் இடமுண்டு.

சங்கம் செய்யக்கூடியவை

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. குழந்தை மூலையில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பவர் யார்? நாம்தான். சமுதாய நலனில் அக்கறை என்பது 1995-ம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற ஏழு கொள்கைகளில் ஒன்று.

முதலாவதாக, தம் அங்கத்தினர் குடும்பங்களில் இத்தகையோர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு சங்கமும் பரிவோடு விசாரித்தறியலாம். இரண்டாவதாக, அடையாள அட்டைக்கும் காப்பீட்டுக்கும் மனு எழுதிக் கொடுக்கும் பொறுப்பைச் சங்க எழுத்தர் ஏற்கலாம். மூன்றாவதாக, பயிற்சிக்குச் செல்லும் நாளில் தறி நின்றால் கூலியும் நிற்கும். அதனாலேயே பல பெற்றோர் பயிற்சியைக் கைவிடுகின்றனர். அந்நாளின் பயணச் செலவையேனும் பொதுநல நிதியிலிருந்து ஈடு செய்யலாம். நான்காவதாக, சங்கக் கட்டிடத்தின் படிக்கட்டுக்கு அருகே சாய்தளம் ஒன்று அமைக்கலாம். ஐந்தாவதாக, நாடா எறிய இயலாத இளைஞர் கணினியில் கணக்கு எழுதவும், ஒரு கையே உதவும் பெண் சரக்கைத் தரம் பிரிக்கவும் இயலுமா என்று சோதித்துப் பார்க்கலாம்.

பணம் வேண்டாத காரியம் ஒன்றும் உண்டு. அண்டை வீட்டார் நாள்தோறும் ஒரு மணி நேரம் அக்குழந்தையோடு அமர்ந்திருப்பது. அதன் தாயிடம் அன்று, அக்குழந்தையிடமே நேராகப் பேசுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும் வரையில் காத்திருங்கள். அப்பதில் சொல்லாக வராமல் புன்னகையாக வரலாம்; கண் சிமிட்டலாகவும் வரலாம். ஆனால் வரும்.

அறுந்த இழையைக் கண்டால் நெசவாளன் பாவையே எறிந்துவிடுவதில்லை; நின்று, தேடி, பிணைத்து, மேலே நெய்கிறான். அடுத்த மகாசபை கூடும்போது, நம் ஊரில் உள்ளறையில் கிடக்கும் அக்குழந்தையும் தன் தாயோடு முன்வரிசையில் அமர்ந்திருக்குமாறு செய்வோமாக.