இணையச் சந்தையில் நல்ல விலை: எல்லையோர வடிவமைப்பாளர்களுக்குச் சில குறிப்புகள்

இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இயங்குகின்றன. ஏலக்காய்க் குவியல் ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவு மாதிரி வாங்குவோர் முன் வைக்கப்படும். அவர்கள் காயின் பருமனையும் நிறத்தையும் பார்த்துவிட்டுக் கணினியில் விலை கேட்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு ஒரு விலை. சலிக்காமல் கலந்து வந்த காய்க்கு வேறு விலை. இரண்டும் ஒரே தோட்டத்தில் ஒரே மழையில் விளைந்தவையாகவும் இருக்கலாம். வாங்குபவர் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. தட்டிலுள்ள மாதிரியைத்தான் பார்க்கிறார்.

லோகோ வடிவமைப்பு, ஓவியம், காணொளித் தொகுப்பு, வசன வரி எழுதுதல் முதலிய கலைப்பணிகளை இணையத்தில் விற்கும் இளைஞர்கள் நுழைகின்ற சந்தையும் இத்தகையதே. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்திலும், மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளி பக்கத்திலும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் வீடுகளிலிருந்து இப்பணிக்கு வருவோர் உண்டு. வங்கிக்கு வரும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அயல்நாட்டுப் பணம் எவ்வாறு வரும் என்பது. ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்னும் கேள்வி சில மாதங்கள் கழித்தே எழுகிறது. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தரகும் கணக்கும்

இச்சந்தைகளுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் 1999இல் ஈலான்ஸ் தொடங்கியது. 2003இல் கிரேக்க நண்பர்கள் இருவர் ஓடெஸ்க்கைத் தொடங்கினர். இரண்டும் இணைந்து 2015இல் அப்வொர்க் என்னும் பெயரைப் பெற்றன. இஸ்ரேலில் 2010இல் பிறந்த ஃபைவர், எந்தப் பணியானாலும் ஐந்து டாலர் என்றே கடை விரித்தது. அதன் பெயரே ஐந்தைக் குறிப்பது. அந்த ஐந்து டாலர் வழக்கம் விதியாக இன்று இல்லை. ஆயினும் புதிதாக வருவோர் மனத்தில் அது இன்னும் அகலவில்லை.

வணிகவியல் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஃபைவர் விற்பவரிடமிருந்து 20 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. ஐந்து டாலர் லோகோவுக்குக் கையில் வருவது நான்கு டாலர். அதற்கு இரண்டு மணி நேரம் உழைத்தால் மணிக்கு இரண்டு டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால் 170 ரூபாய். இதில் மின்சாரம், இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, பணத்தை வங்கிக்கு மாற்றும் செலவு ஆகிய எதுவும் கழிக்கப்படவில்லை. இருபது பேரிடம் இருபது முறை கடிதம் எழுதித் திருத்தம் கேட்டு நின்ற நேரமும் கணக்கில் வரவில்லை. அதே ஆள் ஒரே நிறுவனத்திற்கு 300 டாலருக்கு ஒரு பணியை ஏற்று முப்பது மணி நேரத்தில் முடித்தால், தரகு போக 240 டாலர். மணிக்கு எட்டு டாலர். உழைப்பின் தன்மை அவ்வளவாக மாறவில்லை. யாருக்கு உழைத்தார் என்பதே மாறியது.

அப்வொர்க்கில் தரகு முன்பு மூன்று படியாக இருந்தது: ஒரே வாடிக்கையாளரிடம் முதல் 500 டாலர் வரை 20 விழுக்காடு, பின்னர் 10, பத்தாயிரம் டாலரைத் தாண்டினால் 5. 2023இல் அது எல்லோருக்கும் 10 விழுக்காடாயிற்று. 2025 முதல் ஒப்பந்தத்திற்கேற்ப 15 விழுக்காடு வரை மாறுகிறது. அங்கே பணிக்கு விண்ணப்பிக்கவும் ‘கனெக்ட்’ எனப்படும் வில்லைகளை ஒன்றுக்கு 15 சென்ட் வீதம் வாங்க வேண்டும். ஒரு விண்ணப்பத்திற்குப் பல வில்லைகள் செலவாகும். கண்ணில் பட்ட பணிக்கெல்லாம் விண்ணப்பிப்பவர் சம்பாதிக்கும் முன்பே செலவழிக்கிறார்.

ஒரே கலைஞருக்கு வாங்குபவரைப் பொறுத்து விலை எவ்வளவு மாறும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஜப்பானில் வாழ்ந்த ஆங்கிலேய ஓவியர் சைமன் ஆக்ஸ்லி தம் படங்களை ஐஸ்டாக்ஃபோட்டோ என்னும் இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்திருந்தார். அவர் வரைந்த சிறு பறவையை ட்விட்டர் நிறுவனம் தன் தொடக்க காலத்தில் ஏறத்தாழ 15 டாலர் கொடுத்து எடுத்துப் பயன்படுத்தியது; அதிலும் ஒரு பகுதியே ஓவியரைச் சேர்ந்தது. அவர் அதே சந்தையில் வைத்திருந்த, பூனை முகமும் ஆக்டோபஸ் கால்களும் கொண்ட உருவத்தைக் கிட்ஹப் நிறுவனம் விரும்பியது. அந்நிறுவனத்தார் அவரை நேரில் தொடர்பு கொண்டு முழு உரிமையையும் தனியே பேசி வாங்கினர். ஒருவர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டார். மற்றவர் தம் நிறுவனத்தின் முகத்தை வாங்கினார். நல்ல விலை தருவோர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பயன்பாட்டிற்கு என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு விடை எழுதத் தெரிந்தவருக்கே அந்தப் பணி கிடைக்கும்.

இரண்டு எழுத்து அறிந்தவரின் சரக்கு

பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை மாம்பழத்துக்கு வட இந்தியச் சந்தைகளில் நல்ல விலை கிடைப்பதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. நாட்டின் பிற பகுதிகளில் மரம் பூத்து நிற்கும் காலத்தில் இங்கே காய் பறிக்கிறார்கள். பிறரிடம் இல்லாத நேரத்தில் தம்மிடம் இருப்பதே அவர்களின் பலம். எல்லையோர வடிவமைப்பாளரிடமும் பிறரிடம் இல்லாத சரக்கு ஒன்று இருக்கிறது. அவருக்குத் தமிழும் மலையாளமும் படிக்கத் தெரியும். எழுத்துப் பிழையைக் கண்டதும் கண் உறுத்தும்.

இது அற்பத் தகுதி என்று எண்ணுவோர், வெளியூர் நிறுவனங்கள் அச்சிடும் தமிழ்ப் பலகைகளைப் பார்க்கலாம். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘கொ’ உடைந்து சிதறும். மலையாளக் கூட்டெழுத்துகள் பிரிந்துபோகும். அடோபி இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இப்பிழை நீங்கும். தமிழ் அறியாத வடிவமைப்பாளருக்குப் பிழை நேர்ந்ததே தெரியாது. வங்கிச் சுவரொட்டிகளின் மெய்ப்புப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: அச்சான பின் கண்டுபிடிக்கப்படும் ஒரு கொம்பின் விலை மிக அதிகம். சிங்கப்பூர், மலேசியா, கனடா நாடுகளில் தமிழரை நோக்கி விற்கும் நிறுவனங்களும், வளைகுடாவில் மலையாளிகளை நோக்கி விற்கும் நிறுவனங்களும் இந்த அச்சத்தோடுதான் வேலையை வெளியே கொடுக்கின்றன.

இன்னொரு வழி உணவுப் பொருள் உறைகள். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்கும் அது பின்னர் கிடைத்தது. இத்தகைய பொருள்களின் உறை அழகாக இருந்தால் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். 14 இலக்க உரிம எண், பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டமான சைவக் குறி, நிகர எடை, ஊட்டச்சத்து விவரம், ஒவ்வாமைக் குறிப்பு ஆகியவற்றுக்கு இடம் விட்டு வடிவமைக்க வேண்டும். இவ்விதிகளை அறிந்து மூன்று மொழியில் உறை செய்து தருபவரை நிறுவனத்தார் ஓவியராக மட்டும் பார்ப்பதில்லை. தம் சரக்கு திருப்பி அனுப்பப்படாமல் காப்பவராகப் பார்க்கிறார்கள். விலையும் அதற்கேற்ப அமைகிறது.

ஆகவே படைப்புத் தொகுப்பில் திருமண அழைப்பிதழ், கால்பந்துக் குழு லோகோ, கோயில் திருவிழாப் பதாகை என நாற்பது படங்களைக் கலந்து கொட்டுவதைவிட, ஒரே துறையில் ஆறு பணிகளைக் காட்டுவது மேல். அதுவே சலித்த காய். இன்னும் பணி கிடைக்காதவர் தாமே ஒரு கற்பனைச் சர்க்கரை நிறுவனத்திற்கு உறை செய்து, பயிற்சிக்காகச் செய்தது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு வைக்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தோம் என நான்கு வரி எழுதுவது அவசியம்.

பணி தருவோரையும் எடை போட வேண்டும். அப்வொர்க் போன்ற தளங்களில் அவரது கட்டண முறை சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எவ்வளவு செலவழித்தார், சராசரியாக மணிக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற விவரங்கள் தெரியும். மூன்று டாலர் கொடுத்துப் பழகியவர் முப்பது டாலருக்கு உயர்வது அரிது. விண்ணப்பத்தின் முதல் இரண்டு வரிகள் அவரது பொருளைப் பற்றியே இருக்கட்டும். நம் பட்டமும் ஊரும் பின்னர் வரலாம். பெரிய பணியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் உரிய தொகை தளத்தில் செலுத்தப்பட்ட பிறகே அக்கட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆடி மழையில் மலையில் மின்சாரம் போவது நமக்குத் தெரியும், நியூயார்க்கில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு ஒரு நாள் முன்னதாகக் கொடுப்பவரை அவர்கள் மறப்பதில்லை.

தரகை மிச்சப்படுத்த வாடிக்கையாளரைத் தளத்திற்கு வெளியே அழைத்துச் செல்லும் ஆசை பலருக்கு வருகிறது. அப்வொர்க் விதிப்படி அங்கே அறிமுகமானவரோடு இரண்டு ஆண்டுகளுக்குத் தளத்தின் வழியாகவே பணம் பெற வேண்டும்; மீறினால் கணக்கு முடக்கப்படலாம். ஆண்டுக் கணக்கில் சேர்த்த நற்பெயர் அதோடு போகும். வெளியே போன பின் பணம் வராவிட்டால் முறையிடவும் இடமில்லை.

வங்கி மேசையில்

முதல் கேள்விக்கு வருவோம். நம் பகுதியில் அதிகம் தடுமாற வைப்பது பெயர். தமிழர் பெயரில் தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்கும். ஆதாரில் முன்னெழுத்து இறுதியில், பான் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக, வங்கிக் கணக்கில் முன்னெழுத்து முதலில் என்று மூன்று விதமாக இருந்தால், தளத்திற்கு அவை மூவர் பெயராகத் தோன்றும், பணம் நின்றுவிடும். தளத்தில் பதிவதற்கு முன்பே பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்வது நல்லது.

அடுத்து, பணம் எதற்காக வந்தது என்பதைக் குறிக்கும் நோக்கக் குறியீடு. இதைக் குடும்பச் செலவு என்று தவறாகக் குறிக்கவிட்டால், பின்னர் தொழில் வருமானமென்று காட்டுவது கடினம். பணி ஒப்பந்தத்தையும் விலைப்பட்டியலையும் கிளையில் காட்டிச் சரியான குறியீட்டைக் கேளுங்கள். பணம் வந்ததற்கான எஃப்.ஐ.ஆர்.சி. அல்லது அதற்கு ஈடான அறிவிக்கையை ஒவ்வொரு முறையும் பெற்று வையுங்கள். அமெரிக்கத் தளங்கள் கேட்கும் டபிள்யூ-8பென் படிவம், தாங்கள் அமெரிக்கர் அல்லர் என்பதை உறுதி செய்வதற்கானது, அஞ்சத் தேவையில்லை. டாலரிலேயே மென்பொருள் சந்தா செலுத்துவோர் இ.இ.எஃப்.சி. கணக்கைப் பற்றி விசாரிக்கலாம். அதற்கு வட்டியில்லை, ஒரு மாதத்தில் சேர்ந்த இருப்பை அடுத்த மாத இறுதிக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும்.

வேறொருவருக்கு வரும் பணத்தைத் தம் கணக்கில் வாங்கித் தரகு பெறும் அழைப்பு, வடிவமைப்புப் பணி என்னும் பெயரிலேயே சிலருக்கு வருகிறது. உறுதியாக மறுத்துவிடுங்கள். அது மோசடிப் பணமாயின் காவல்துறை முதலில் முடக்குவது தங்கள் கணக்கைத்தான். பணி தருவதற்கு முன்பணமோ பதிவுக் கட்டணமோ கேட்பவர் பணி தருபவர் அல்லர். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணம் கைமாறிப் போகும்.

வரியைப் பொறுத்தவரை, சேவை வழங்குவோருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது. பதிவு செய்தோர் எல்.யு.டி. உறுதிமொழி அளித்து, சேவை ஏற்றுமதியை வரி செலுத்தாமலே செய்யலாம். வருமான வரியில் குறிப்பிட்ட தொழில்களுக்கு வரவின் பாதியை வருமானமாகக் கொள்ளும் எளிய முறை உண்டு. தங்கள் பணி அதில் அடங்குமா என்பதைக் கணக்காயரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணக்கு தாக்கல் செய்வதை வரம்புக்குக் கீழ் வருமானமென்று தள்ளிப்போடுவோர் இருக்கின்றனர். வீட்டுக் கடனுக்கோ புதிய கணினிக்கான கடனுக்கோ அவர்கள் வரும்போது, வங்கி பொதுவாகக் கேட்பது கடந்த இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரித் தாக்கல் படிவங்களை. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அப்படிவங்களும், ஒரே கணக்கில் முறையாக வந்து சேர்ந்த டாலர் வரவுகளுமே சம்பளச் சீட்டு.