கைநிரப்புத் தோட்டா

கைநிரப்புத் தோட்டா என்பது உறை, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு பாகங்களையும் தனித்தனியே வாங்கி, துப்பாக்கி உரிமையாளரே கையால் இணைத்து உருவாக்கும் தோட்டா ஆகும். ஒருமுறை சுட்ட உறையை மீண்டும் பயன்படுத்தினால் அது மறுநிரப்பல் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள், இலக்குச் சுடுவோர் ஆகியோரிடையே இது பரவலான பொழுதுபோக்காக உள்ளது. செலவைக் குறைத்தல், கடைகளில் கிடைக்காத தோட்டாக்களைப் பெறுதல், குறிப்பிட்ட ஒரு ரைபிளுக்கு மிகப் பொருத்தமான தோட்டாவைக் கண்டறிந்து துல்லியத்தைக் கூட்டுதல் ஆகியன இதன் நோக்கங்கள். இவற்றுள் மூன்றாவது நோக்கத்தை, புதிய வேட்டை ரைபிள் ஒன்றை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான துப்பாக்கிகளில் கரிமருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே இடப்பட்டன. உலோக உறைத் தோட்டாக்கள் பரவியபோது நிரப்பும் வேலை தொழிற்சாலைக்குச் சென்றது. 1866இல் இருவகை எரியூட்டிகள் தோன்றின. பிரித்தானியரான எட்வர்ட் பாக்சர் உருவாக்கிய வகையில் உறையின் அடியில், நடுவே ஒரே ஒரு துளை இருக்கும். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் உருவாக்கிய வகையில் இரு சிறு துளைகள் இருக்கும். பாக்சர் வகையில் எரிந்த எரியூட்டியை ஊசியொன்றால் எளிதில் வெளியே தள்ளிவிடலாம் என்பதால் அது மறுநிரப்பலுக்கு ஏற்றது. பிரித்தானியரின் அமைப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவிலும் நிலைத்தது குறிப்பிடத்தக்கது.

1884இல் பிரான்சில் பால் வியெய் புகையிலா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜான் பார்லோ, குறடு போன்ற வடிவிலான மறுநிரப்புக் கருவிகளை விற்க ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய இராணுவ வெடிமருந்தை வாங்கிக் கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் மலிவாக விற்றதும், ஹார்னடி (1949) போன்ற குண்டு உற்பத்தி நிறுவனங்கள் தோன்றியதும் இப்பொழுதுபோக்கைப் பரவலாக்கின.

பாகங்கள்

உறை: ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. சுடும்போது விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டி, வளிமம் பின்புறமாகக் கசியாமல் தடுக்கிறது.

எரியூட்டி: அடிக்கும் ஊசி மோதியதும் தீப்பொறியை உண்டாக்குகிறது.

வெடிமருந்து: புகையிலா மருந்துகள் எரியும் வேகத்தால் வேறுபடுகின்றன. இதன் அளவு கிரெய்ன் என்னும் அலகில் குறிக்கப்படும். ஒரு பவுண்டு 7,000 கிரெய்ன்களுக்குச் சமம். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்.

குண்டு: குழலை விட்டு வெளியேறி இலக்கை அடையும் பகுதி. எடுத்துக்காட்டாக, .308 வின்செஸ்டர் வகைக்கு 150, 165, 180 கிரெய்ன் எடையுள்ள வேட்டைக் குண்டுகள் பொதுவானவை.

ரைபிளுக்கு ரைபிள் வேறுபாடு

ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரு ரைபிள்கள் கூட ஒரே தோட்டாவை ஒரேபோல் சுடுவதில்லை. குழலின் உள்விட்டம், தோட்டா அறையின் அளவு, வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம் ஆகியவற்றில் நுண்ணிய வேறுபாடுகள் இருக்கும். சுடும்போது குழல் அதிர்வதால், குண்டு வெளியேறும் கணத்தில் குழல்வாய் எத்திசையை நோக்குகிறது என்பதும் பங்கு வகிக்கிறது.

வரிப்பள்ளங்களின் முறுக்கு வீதம் மிக முதன்மையானது. குண்டு நீளமாக இருந்தால் அதை நிலையாகப் பறக்கச் செய்ய வேகமான சுழற்சி தேவை. 1955இல் வெளிவந்த .244 ரெமிங்டன் ரைபிள்களின் குழலில் 12 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கு இருந்தது. மான் வேட்டைக்காரர்கள் விரும்பிய 100 கிரெய்ன் கூர்முனைக் குண்டுகளை அது நம்பகமாக நிலைப்படுத்தவில்லை. அதே ஆண்டில் வந்த .243 வின்செஸ்டர் வகையின் முறுக்கு 10 அங்குலத்திற்கு ஒரு சுற்று. அதுவே சந்தையை வென்றது. ரெமிங்டன் நிறுவனம் 1963இல் அதே தோட்டாவை 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, 9 அங்குல முறுக்குடன் மீண்டும் வெளியிட்டது. ஆகவே புதிய ரைபிளுக்குத் தோட்டா தேடுபவர் முதலில் அறிய வேண்டியது குழலின் முறுக்கு வீதத்தையே. பொருந்தாத குண்டை மருந்தளவு மாற்றத்தால் மட்டும் சரிசெய்வது அரிது.

தேர்வு முறை

பொதுவாக, முதலில் வேட்டையாடும் விலங்குக்கு ஏற்ற குண்டும், பிறகு அதற்கேற்ற மருந்து வகையும் தேர்ந்தெடுக்கப்படும். மருந்தளவைக் குண்டு, மருந்து உற்பத்தியாளர்கள் வெளியிடும் அட்டவணைகளிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அவை தொடக்க அளவு, உச்ச அளவு என்ற இரு எல்லைகளைத் தருகின்றன. தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறு படிகளாக உயர்த்திச் சுட்டுப் பார்ப்பதே ஏற்கப்பட்ட முறை. துல்லியமான அளவு பெரும்பாலும் உச்ச அளவுக்குக் கீழேயே கிடைத்துவிடுவதால் உச்சத்தை எட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்ததாகக் குண்டு உறைக்குள் செருகப்படும் ஆழம் மாற்றிப் பார்க்கப்படுகிறது. இதனால் குண்டுக்கும் வரிப்பள்ளங்களின் தொடக்கத்திற்கும் இடையிலான இடைவெளி மாறும். குண்டு பள்ளங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் கூடும். வேட்டைத் தோட்டாக்கள் ரைபிளின் தோட்டாப் பெட்டிக்குள் அடங்கி, தடையின்றி ஏறவும் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது அடிப்படை விதி. மருந்தையும் ஆழத்தையும் சேர்த்து மாற்றினால் எது விளைவைத் தந்தது என்று கூற இயலாது.

துல்லியத்தை அளத்தல்

ஒரே குறியை நோக்கிச் சுட்ட துளைகளுள் மிகத் தொலைவிலுள்ள இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரம் துளைக்கூட்டத்தின் அளவு எனப்படும். கூட்டம் குறியிலிருந்து விலகி விழுந்தால் தொலைநோக்கிக் குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்யலாம். கூட்டத்தின் பரப்பைக் குறைப்பதே தோட்டாவின் வேலை. ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கான கலை என்னும் கோணம் இதற்கு அளவுகோலாகும். அது 100 மீட்டரில் 29 மி.மீ.க்குச் சமம்.

மூன்றே குண்டுகளைச் சுட்டு முடிவெடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. புள்ளியியல் நோக்கில் இது பிழையானது. சிதறல் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், 3 குண்டுகளில் சராசரியாக 25 மி.மீ. கூட்டம் தரும் ரைபிள், அதே தோட்டாவுடன் 5 குண்டுகளில் ஏறத்தாழ 32 மி.மீ.யும், 10 குண்டுகளில் ஏறத்தாழ 40 மி.மீ.யும் தரும். ரைபிள் மோசமாகவில்லை, உண்மையான சிதறல் கூடுதல் குண்டுகளில் தெரியவருகிறது.

மேலும், 3 குண்டுக் கூட்டங்களின் அளவு தற்செயலாகவே பெரிதும் ஏறி இறங்கும். எந்த வேறுபாடும் இல்லாத பத்துத் தோட்டாத் தொகுதிகளை மும்மூன்றாகச் சுட்டாலும், அவற்றுள் மிகச் சிறிய கூட்டம் சராசரியின் பாதியளவே இருக்கக்கூடும். அதைச் சிறந்த மருந்தளவு என்று குறித்துக்கொள்பவர், அடுத்த வாரம் அது மறைந்துபோனதாக எண்ணிக் குழம்புவார். எனவே நம்பிக்கை தரும் ஒன்றிரண்டு தோட்டாக்களை மட்டும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட குண்டுகளால், வெவ்வேறு நாட்களில் சோதிப்பது நல்லது. மெல்லிய வேட்டைக் குழல் விரைவில் சூடேறுவதால் இடையிடையே ஆறவிட வேண்டும்.

வேகமானியால் குண்டின் வேகமும் அளக்கப்படுகிறது. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டின் வேகம் 10 மீட்டர் மாறினால், 100 மீட்டரில் அது விழும் உயரம் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே மாறும், 300 மீட்டரில் ஏறத்தாழ 2 செ.மீ. மாறும். ஆகவே வேகச் சீர்மை குறுந்தொலைவு வேட்டையில் பெரிய பொருட்டன்று.

பாதுகாப்பு

.308 வின்செஸ்டர் வகைக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 62,000 பவுண்டு. இது மகிழுந்துச் சக்கரக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2,000 மடங்கு. இவ்வழுத்தம் சுடுபவரின் முகத்திற்கு மிக அருகில் உருவாகிறது. தவறான மருந்து, மிகையான மருந்தளவு ஆகியன ரைபிளைச் சிதறடித்து உயிரிழப்பை ஏற்படுத்தலாம்.

மருந்துப் பெயர்களில் குழப்பம் நேர்வதுண்டு. ஐ.எம்.ஆர். 4831, எச் 4831 ஆகியன ஒரே எண்ணைக் கொண்டிருந்தாலும் வெவ்வேறு வேகத்தில் எரிபவை. ஒன்றின் அட்டவணையை மற்றதற்குப் பயன்படுத்தக் கூடாது. தட்டையான எரியூட்டி, திறக்கக் கடினமான பூட்டு போன்றவை மிகை அழுத்தத்தின் அறிகுறிகள். ஆனால் அறிகுறி தென்படாததால் அழுத்தம் பாதுகாப்பான அளவில் உள்ளது என்று கொள்ள முடியாது. ஒரு ரைபிளில் உயர்ந்த அளவுவரை சோதித்த தோட்டாவை வேறு ரைபிளில் பயன்படுத்துவதும் தவறு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துக் கலனை வைப்பதும், ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் விவரச் சீட்டு ஒட்டுவதும் இவ்விபத்துகளைத் தவிர்க்க உதவும்.

வேட்டையில் போதுமான துல்லியம்

மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியின் விட்டம் ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. எனக் கொள்ளப்படுகிறது. 100 மீட்டரில் 40 மி.மீ. கூட்டம் தரும் ரைபிள் 200 மீட்டரில் ஏறத்தாழ 80 மி.மீ. கூட்டம் தரும், இது அப்பகுதிக்குள் அடங்கிவிடும். இதற்கு மேல் சில மில்லிமீட்டர்களைக் குறைப்பதைவிட, மேசைத் தாங்கல் இல்லாமல் சுடும் பயிற்சியும், ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்ற அறிவும் பயன் மிக்கவை. தவறிய குண்டின் விலை, காயத்துடன் காட்டுக்குள் ஓடி மெல்லச் சாகும் விலங்கு.

குண்டின் இயல்பும் முதன்மையானது. 1946இல் கனடாவில் ஒரு கடமான் வேட்டையில் குண்டுகள் ஆழமாகப் பாயாததைக் கண்ட ஜான் நாஸ்லர், நடுவே தடுப்புச் சுவர் கொண்ட பார்ட்டிசன் குண்டை உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

சட்டமும் சூழலும்

ஐக்கிய அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பிற நாடுகளின் சட்டங்கள் வேறுபடும்.

இறந்த விலங்குகளின் உடலில் எஞ்சும் ஈயத்துகள்கள் கலிபோர்னியா காண்டோர் போன்ற பிணந்தின்னிப் பறவைகளை நஞ்சூட்டுகின்றன. இதனால் கலிபோர்னியா மாநிலம் 2019 சூலை 1 முதல் துப்பாக்கி வேட்டை முழுவதிலும் ஈயக் குண்டுகளைத் தடை செய்தது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. எனவே அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும், உறைக்குள் கூடுதல் இடத்தைப் பிடிக்கும். ஈயக் குண்டுக்கான மருந்தளவை அதற்கு அப்படியே பயன்படுத்த முடியாது. செம்புக்கு மாறுபவர் அதற்குரிய அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து தேர்வை மீண்டும் தொடங்க வேண்டும்.