உப்புக் காற்றில் பைக்கைக் காப்பது எப்படி?

காயல்பட்டினத்தில் ஒரு பக்கம் கடல். அடுத்த ஆறுமுகநேரியில் உப்பளம். இந்த உப்புக் காற்றில் பைக்கின் செயின், சைலன்சர், பிரேக் கேபிள், பேட்டரி முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். உரமூட்டை ஏற்றும் வண்டிக்கு இன்னும் கேடு. பொட்டாஷும் உப்பு வகைதான். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் உவராக இருந்தால், அதில் கழுவக் கழுவத் துருதான் ஏறும். வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்து ஆயில் விடுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது குறைகளையும் உத்தேசச் செலவையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இலவச சர்வீஸிலும் ஆயிலுக்குப் பணம் உண்டு. ஆனால் அதைத் தவறவிட்டால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

ஜாப் கார்டும் பில்லும்தான் உங்கள் சாட்சி. வேலையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், 2 ஆண்டுக்குள் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், வழக்குக் கட்டணம் கிடையாது.