பைலட் இன்டர்வியூ: சிமுலேட்டர் டெஸ்டில் என்ன பார்க்கிறார்கள்? எப்படித் தயாராவது?

200 மணி நேரம் பறந்தாச்சு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு. பல லட்சம் கடனும் ஏறியாச்சு. திருவள்ளூரோ கும்மிடிப்பூண்டியோ, எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் ஏர்லைன் வேலைக்கு முன்னால் பலருக்கும் இன்னொரு கதவு இருக்கிறது: சிமுலேட்டர் டெஸ்ட். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், பல வருட உழைப்புக்கான பதில் அங்கேதான் கிடைக்கும்.

என்ன டெஸ்ட் இது?

நிஜ விமானத்தின் காக்பிட்டை அப்படியே செய்து, ஹைட்ராலிக் அல்லது மின்சாரக் கால்களின் மேல் நிறுத்தியிருப்பார்கள். புறப்படுதல், சொன்ன உயரத்துக்கு ஏறுதல், திரும்புதல், கருவிகளை மட்டும் நம்பி ரன்வேயை நெருங்குதல் ஆகியவை வழக்கமாக இருக்கும். நடுவில் இன்ஜின் கோளாறும் வரலாம். பெரும்பாலும் இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். பிறகு மாறிக்கொள்வார்கள்.

ஒரே மீட்டரை முறைக்காதீர்கள்

சின்ன பயிற்சி விமானத்திலிருந்து நேராக ஜெட் காக்பிட்டுக்கு வருபவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். உயரத்தைப் பிடிக்கப்போய் வேகத்தைக் கோட்டை விட்டுவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் கன்ட்ரோல் ரூம் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்து மீட்டர் எகிறுவது தெரியாது.

அதனால் பார்வை செயற்கை அடிவானக் கருவியில் தொடங்கி, மற்ற கருவிகளுக்குப் போய், திரும்ப அங்கேயே வர வேண்டும். 100 அடி விலகினால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. விலகியதை எவ்வளவு சீக்கிரம் கவனித்து, பதறாமல் சரி செய்கிறீர்கள் என்பதும் மதிப்பெண்தான்.

மங்களூரு சொன்ன பாடம்

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் உயிரிழந்தார்கள். அதிக உயரத்தில், நிலையில்லாமல் நெருங்கிய அந்த விமானத்தில் துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொன்னார், அதாவது இறங்காமல் மறுபடி மேலே போகலாம் என்று. அதன் பிறகும் கேப்டன் தரையிறக்கத்தைத் தொடர்ந்தார் என்றது விசாரணை அறிக்கை.

சிமுலேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரோடு நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று உற்றுக் கவனிப்பது இதனால்தான். அவர் தப்பு செய்தால் 'நமக்கென்ன, அவர் மார்க்தானே போகும்' என்று சும்மா இருக்கக் கூடாது. "ஸ்பீட்" என்று சத்தமாகச் சொல்லணும். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், ஈகோ பார்க்காமல் கேட்டுத் திருத்திக்கொள்ளணும். தரையிறக்கம் சரியாக அமையவில்லை என்றால் கோ அரவுண்ட் போவது தோல்வி இல்லை. சரியான முடிவு அது.

வீட்டிலேயே எப்படித் தயாராவது?

• காக்பிட் படத்தைப் பிரின்ட் எடுத்து எதிரில் ஒட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை நகர்த்துங்கள். காசு செலவில்லாத பயிற்சி இது. சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்.

• எந்த வேகத்துக்கு மூக்கு எத்தனை டிகிரி, இன்ஜின் சக்தி எவ்வளவு என்ற எண்களை மனப்பாடம் செய்யுங்கள். டெஸ்டுக்கு முன்பே நிறுவனம் குறிப்பு அனுப்பினால், அதில் உள்ள எண்கள்தான் உங்களுக்கு வேதம்.

• மனக்கணக்கு பழகுங்கள். 3 டிகிரி சரிவில் இறங்க, தரை வேகத்தை 5-ஆல் பெருக்குங்கள். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி.

• வீட்டு கம்ப்யூட்டர் கேம் கருவிகளைப் படிக்கும் பழக்கத்துக்கு உதவும். கைப்பழக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம். கையில் பணம் இருந்தால், டெஸ்டுக்கு முன் ஒரு முறையாவது நிஜ சிமுலேட்டரில் உட்காருங்கள்.

• நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேண்டுமென்றே தப்பு செய்யச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்து உடனே வாய் திறந்து சொல்லிப் பழகுங்கள்.

பதற்றம் எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் வரிசை ஒன்றுதான்: முதலில் விமானத்தைப் பிடி, அடுத்து வழியைப் பார், அதன் பிறகு பேசு.