பலத்த காற்றில் சிறு காமிரா டிரோன்

கிராமக் குடியிருப்பு நிலங்களை அளந்து, வீட்டுக்குரியவர்களுக்குச் சொத்து அட்டை வழங்கும் பொருட்டு, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதியன்று ஸ்வாமித்வா திட்டம் துவக்கப்பட்டது. இத்திட்டத்தில் நிலத்தைப் படமெடுக்கும் பணியை இந்திய சர்வே இலாகா டிரோன் எனப்படும் ஆளில்லா விமானங்களைக் கொண்டு நடத்துகிறது. பயிர் நிலையை ஆராய்வதற்கும் வெள்ளச் சேதத்தை மதிப்பிடுவதற்கும் இவற்றினும் சிறிய காமிரா டிரோன்கள் பயன்படுகின்றன. உருவில் சிறுத்த அளவுக்கு இவை காற்றின் பிடியில் எளிதில் சிக்குகின்றன. ஆகவே, இவற்றை இயக்குவோர் காற்றின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

காற்றின் விசை

நான்கு சுழலிகளைக் கொண்ட டிரோன் நிலையாக நிற்கும்போது, சுழலிகளின் விசை முழுவதும் அதன் எடையைத் தாங்குகிறது. பக்கவாட்டில் காற்று வீசினால் டிரோன் காற்று வரும் திசையை நோக்கிச் சாய்கிறது. அப்பொழுது சுழல் விசையின் ஒரு பகுதி எடையைத் தாங்க, மற்றொரு பகுதி காற்றை எதிர்க்கிறது. உள்ளே அமைந்த உணர்கருவிகள் சாய்வை இடைவிடாது கணித்து மோட்டார்களின் வேகத்தைத் திருத்துகின்றன. தரையிலிருந்து நோக்குபவருக்கு டிரோன் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். ஆனால் அதன் பாட்டரி விரைந்து கரைந்துகொண்டிருக்கும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. 250 கிராம் எடையும் 200 சதுர சென்டிமீட்டர் முகப்பும் உடைய ஒரு டிரோனை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று அதனைச் சுமார் 30 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். இதனை எதிர்க்க 7 பாகைச் சாய்வு போதும். 10 மீட்டர் வேகத்தில் விசை 120 கிராமாகவும், சாய்வு 26 பாகையாகவும் உயரும். 15 மீட்டர் வேகத்தில் விசை 270 கிராம். அதாவது டிரோனின் எடையையே விஞ்சிவிடும். அதனை எதிர்க்க 47 பாகைச் சாய்வு தேவை. டிரோனின் சாய்வுக்கு ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பு 40 பாகையாயின், விநாடிக்கு 13 மீட்டருக்கு மேற்பட்ட காற்றில் டிரோன் அடித்துச் செல்லப்படும்.

திரும்பும் வழி

திரும்பும் வழியில் விபத்துக்கள் நேரிடக்கூடும். விநாடிக்கு 12 மீட்டர் வேகமுள்ள டிரோன், 8 மீட்டர் வேகக் காற்றுடன் சேர்ந்து செல்லும்போது தரைக்கு மேல் 20 மீட்டர் வேகத்தில் விரைகிறது. 1,200 மீட்டர் தூரத்தை ஒரு நிமிஷத்தில் கடந்துவிடும். திரும்பும்போது அதன் வேகம் 12-இல் 8 போக 4 மீட்டரே. அதே தூரத்திற்கு 5 நிமிஷம் ஆகிறது. சென்ற நேரத்தைக் கொண்டு பாட்டரியைக் கணக்கிட்டவர் ஏமாறுவார். காற்று 12 மீட்டராக வலுத்தால் டிரோன் முழு வேகத்தில் இயங்கியும் முன்னேறாது. ஆற்றில் எதிர்நீச்சலிடும் படகை உவமையாகக் காட்டி ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கலாம்.

எனவே முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, பாட்டரி குறைந்த நிலையில் காற்றுடன் திரும்புவதே முறை. பல டிரோன்கள் தாமே வீடு திரும்பும்போது முதலில் உயரே எழுகின்றன. அங்கு காற்று மேலும் வலுவாயிருக்கும். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்திலுள்ள காற்றை விட 100 மீட்டர் உயரத்திலுள்ள காற்று ஏறத்தாழ 40 சதவீதம் வேகம் மிகுந்தது. எதிர்க்காற்றில் டிரோன் தடுமாறினால், மரமும் மின்கம்பியும் இல்லாத பக்கமாக அதனைத் தாழ இறக்கிக் கொணர்தல் நலம்.

படத்தின் தரம்

ஜிம்பல் என்னும் தாங்கி காமிராவின் சாய்வைச் சரிசெய்யும். வேக மாறுதலை அதனால் சரிசெய்ய இயலாது. இரண்டு விநாடிக்கு ஒரு படம் எடுக்கப்பட்டால், மேற்கூறிய டிரோன் காற்றுடன் செல்கையில் படங்களுக்கிடையே 40 மீட்டரும், எதிர்த்து வருகையில் 8 மீட்டரும் இடைவெளி விழும். முந்தியதில் ஒரு படம் அடுத்ததன் மேல் போதிய அளவு படியாமல் போகலாம். அன்றியும், விநாடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்திற்குள் டிரோன் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால் சுவரின் விளிம்பு மங்கும். அயலார் இருவரின் எல்லை அவ்விளிம்பைப் பொறுத்ததாயின், அம்மங்கல் வழக்கிற்கும் வித்தாகலாம்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

புழுதியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் ஆடினால் காற்று 5.5 முதல் 8 மீட்டர் வரை வீசுகிறது என அறியலாம். இலைகளடர்ந்த சிறு மரங்கள் முழுவதுமாக அசைந்தால் 8 முதல் 10.7 மீட்டர். பெருங்கிளைகள் அசைந்து, கம்பிகள் ஓலமிட்டால் அதற்கும் மேல். அப்பொழுது சிறு டிரோனைப் பறக்கவிடலாகாது. கட்டடங்களின் காற்று மறைவில் சுழற்காற்று தோன்றுமாதலால் அங்கு தாழப் பறப்பதைத் தவிர்க்க வேண்டும். கோடையில் நண்பகலில் வெப்பக் காற்று மேலெழுந்து டிரோனை அலைக்கழிக்கும். காலை வேளையே பெரும்பாலும் அமைதியானது. வடமேற்கு இந்தியாவின் புழுதிப் புயலும், வங்காளத்தின் கால்பைசாகியும் திடீரென மூளுபவை. லடாக் போன்ற உயர்ந்த பிரதேசங்களில் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், எடையைத் தாங்குவதற்கே சுழலிகள் மிகுந்த வேகத்தில் சுழல வேண்டும். பலத்த காற்றை எதிர்க்க எஞ்சும் வலிமை சொற்பமே.

டிரோனை எழுப்புமுன் ஒரு கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக் காற்றின் திசையை அறிவதற்கு அரை நிமிஷம் போதும். காற்று மிகுந்திருப்பின் வேலையை மறுநாள் காலைக்கு ஒத்திவைப்பதில் இழுக்கில்லை. மங்கிய படத்தைக் கொண்டு வரைந்த எல்லையைப் பின்னர் திருத்துவது அதனினும் கடினமான காரியம்.