கீழே ஹோட்டல், மேலே நம்ம வீடு!

"அண்ணி, கோட்டை தெரியற ஜன்னல்! காலையிலே காபி டம்ளரோட போய் நின்னா அகழித் தண்ணி தெரியுமாம்!"

போன மாதம் ஆம்பூரிலிருந்து வந்த என் நாத்தனார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்ன வார்த்தை இது. கையில் பளபளவென்று ஒரு வண்ணப் புத்தகம். வேலூர் ஊருக்கு நடுவே ஆறு மாடிக் கட்டிடம் ஒன்று வரப்போகிறதாம். கீழ் இரண்டு மாடி ஹோட்டல், மேல் நாலு மாடி குடியிருப்பு. இந்த வாரமே முன்பணம் கட்டினால் சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி என்று தரகர் சொல்லியிருக்கிறார்.

பதினெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் மெஷின் மிதித்தவள் அவள். அவள் வீட்டுக்காரர் ஊரில் இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டார். அந்தப் பணம், அவளுடைய சேமிப்பு, போதாததற்கு கல்யாணத்துக்குப் போட்ட நகை. எல்லாமே அந்த ஜன்னலுக்குத்தான் போகப் போகிறது.

"நல்ல இடம்தானே?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஆனால் அந்த வீட்டில் நாள் பூராவும் இருக்கப் போகிறவள் அவள். தண்ணீர் வரவில்லை என்றால் குடம் தூக்கப் போகிறவளும் அவளே. ஆண்கள் விலையும் வட்டியும் பேசி முடித்துவிடுகிறார்கள். மற்றதை நாம் கேட்காவிட்டால் யாருமே கேட்பதில்லை. ஆகவே நாங்கள் இருவரும் இரண்டு நாள் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து, தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நம் ஊர்ப் பக்கம் இந்த மாதிரிக் கட்டிடங்கள் இனி நிறைய வரும் என்பதால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் ஹோட்டலும் வீடும் ஒட்டிக்கொண்டிருப்பது புதுசு இல்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை, சி.எம்.சி. என்று வளர்ந்து, வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ மனிதர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். பெயர்ப் பலகைகளில் வங்காள எழுத்து. வாசலில் மீனும் கடுகெண்ணெயும் விற்கிறார்கள். அறைக்கே அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் மனைவியும் அம்மாவும் அங்கே மாதக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறார்கள். திண்ணை வைத்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாக மாறியது இப்படித்தான்.

"நோயாளிங்க தங்கற இடத்துலே குழந்தைங்களோட இருக்கலாமா அண்ணி? ஒட்டிக்காதா?" என்று நாத்தனார் கேட்டாள். இந்தப் பயம் வேண்டாம். இதயம், சிறுநீரகம், புற்றுநோய், எலும்பு என்று வருகிறவர்களே அதிகம். அதெல்லாம் ஒட்டுகிற வியாதி இல்லை. அவர்களால்தான் இந்த ஊரில் பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிகிறது. நாம் பயப்பட வேண்டியது மூடாத தண்ணீர்த் தொட்டிக்கும் தேங்கிய சாக்கடைக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் இடும், பகலில் கடிக்கும். நூறு பேருக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் கட்டிடத்தில் தொட்டி மூடி சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? ஹோட்டல் ஆளா, குடியிருப்போர் சங்கமா? இதை முதலிலேயே கேளுங்கள்.

இப்போது கோட்டைக்கு வருவோம். ஜன்னலில் கோட்டை தெரிவது அழகுதான். ஆனால் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பது முக்கியம். வேலூர்க் கோட்டை மத்திய அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். இதற்கான 1958-ஆம் வருஷச் சட்டத்தை 2010-இல் திருத்தினார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டிடமே கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை கட்ட வேண்டுமானால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதாவது மொத்தம் 300 மீட்டருக்குள் இருக்கும் மனைக்கு மாநகராட்சி வரைபட அனுமதி மட்டும் போதாது. ஊர் நடுவே, பழைய பஸ் ஸ்டாண்டு, கடைத்தெருப் பக்கம் "கோட்டை வியூ" என்று யாராவது சொன்னால், உடனே "எத்தனை மீட்டர்?" என்று கேட்க வேண்டும்.

"மாநகராட்சி அனுமதி கொடுத்துட்டா அப்புறம் யாரு என்ன செய்ய முடியும்?" என்றாள் நாத்தனார்.

செய்ய முடியும் அம்மா, செய்தார்கள். கொச்சியை அடுத்த மரடு என்ற ஊரில் காயல் கரையில் நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகள். உள்ளூர்ப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்துத்தான் கட்டினார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிப்படி வாங்க வேண்டிய அனுமதி இல்லை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு வெளியே வந்தன. இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள் என்றாலும், பூஜை அறைக்குப் பார்த்துப் பார்த்து டைல்ஸ் ஒட்டியவளுக்கு அது ஈடாகுமா? அங்கே வாங்கியவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் இல்லை. ஒரு காகிதத்தைக் கேட்காமல் விட்டவர்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொன்னதும் நாத்தனார் வண்ணப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது பதிவு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தை எல்லோரும் "ரெரா" என்கிறார்கள். தமிழ்நாட்டுக்கான ஆணையம் சென்னையில் இருக்கிறது. எட்டு வீட்டுக்கு மேல் கட்டும் கட்டிடத்தை இந்த ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. முன்பணம் வாங்கவும் கூடாது. பதிவு எண்ணை வாங்கி ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், மனை யார் பெயரில் இருக்கிறது, எத்தனை மாடி, எப்போது முடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் வரும். உங்கள் பெண்ணோ பிள்ளையோ செல்போனிலேயே தட்டிக் காட்டிவிடுவார்கள்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில், அந்தக் கட்டிடத்துக்கென்றே வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே செலவில்லாமல் சரி செய்து தர வேண்டும். கலப்புக் கட்டிடத்துக்கு ரொம்ப உதவுகிற இன்னொரு விஷயம்: அனுமதி வாங்கிய வரைபடத்தைப் பிறகு மாற்ற வேண்டுமானால், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். "மூணாவது மாடியையும் ஹோட்டலுக்கு எடுத்துக்கறோம்" என்று நாளைக்கு வந்து நின்றால் உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. ஒருவரே பத்து ஃப்ளாட் வாங்கி வைத்திருந்தாலும் இதற்கு அவரை ஒரு ஆளாகத்தான் கணக்கு வைப்பார்கள்.

தரகர் என்ன சொன்னார் தெரியுமா? "நம்பர் வந்துட்டே இருக்கும்மா. முதல்லே இடத்தைப் பிடிங்க." வந்துகொண்டே இருக்கும் நம்பரை நம்பிப் பணம் கொடுப்பது, முகூர்த்தத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை வருவார் என்று தாலி வாங்குவது மாதிரி.

நிலப் பங்கைப் பற்றித்தான் பெண்களில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கும் முன்பு தெரியாது. ஃப்ளாட் வாங்கும்போது சுவரை மட்டும் வாங்குவதில்லை. கீழே இருக்கும் மனையில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் உங்கள் பெயருக்கு வர வேண்டும். சுவர் பழசாகும், நிலம் பழசாகாது. ஒரு கணக்கு: மனை 6,000 சதுர அடி, ஹோட்டலும் வீடுகளும் சேர்த்து மொத்தம் 18,000 சதுர அடிக் கட்டிடம் என்றால், 900 சதுர அடி வீட்டுக்கு 300 சதுர அடி நிலம் வர வேண்டும். இங்கேதான் ஹோட்டல் குறுக்கே வரும். "நிலத்தில் பாதி ஹோட்டல் பெயரில், மீதி மட்டும் உங்களுக்கு" என்று எழுதிவிட்டால், கட்டிடத்தில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்குப் பாதி நிலம் போய்விடும்! பத்திர எழுத்தர் சொல்லித்தான் நாங்கள் அந்த வரியை மாதிரி ஒப்பந்தத்தில் தேடினோம். இருந்தது.

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றையும் வழக்கம்போலப் பார்க்க வேண்டும். இதை வங்கிக்காரர்களும் பார்ப்பார்கள் என்பதால் நீட்டவில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எங்கள் பக்கத்தில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. பாலாறு மணலாய்க் கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழில் சோறு போட்டது, கிணற்றையும் உப்பாக்கியது. அதற்காகத் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் "கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னது. தேசம் பூராவும் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறோம். ஆனால் குழாய்த் தண்ணீர் ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து எட்டுமா? எட்டாதபோது ஆழ்துளைக் கிணறு, இல்லையென்றால் லாரி.

அதனால் மனையில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கிற அம்மாமார்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஹோட்டலுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டி தனித்தனியா, மோட்டார் தனியா, மின்சார மீட்டர் தனியா என்று கேட்டோம். தினம் தினம் படுக்கை விரிப்பு துவைக்கும் இடம் ஹோட்டல். அந்தத் தண்ணீரும் சமையலறைக் கழிவும் எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, செப்டிக் டேங்கா? மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். அந்தக் குழி எங்கே என்று கையைக் காட்டச் சொல்லுங்கள்.

மாடிப்படி இரண்டு வேண்டும். வீட்டுக்காரர்கள் ஏறி இறங்க ஒன்று, ஹோட்டல் ஆட்களுக்கு ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் குழந்தை, முகம் தெரியாத பத்துப் பேரோடு லிப்டுக்குக் காத்து நிற்கக்கூடாது என்பது ஒரு காரணம். தீ இன்னொரு காரணம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்களே, குறுகலான படி என்ன செய்யும் என்பதை அதற்கு மேல் யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிடம் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் 2019-ஆம் வருஷ விதிகளின்படி அது உயரமான கட்டிடம். தீயணைப்புத் துறை உள்பட விதிகள் கடுமையாகும். தாண்டாமல் ஒரு அடி குறைத்துக் கட்டுகிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் கட்டிக்கொண்டிருந்தபோதே 11 மாடி சரிந்து 61 பேர் மாண்டதை மறக்க முடியாது. மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

கடைசியாகத் தரகர் ஒரு மிட்டாய் வைத்திருந்தார். "நீங்க குடி வரலைன்னாலும் பரவாயில்லே, ஃப்ளாட்டை ஹோட்டலுக்கே விட்டுடுங்க, மாசா மாசம் வாடகை உறுதி!" உறுதி கொடுப்பது யார் என்று பார்த்தோம். ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. அறைகள் நிரம்பினால்தானே வாடகை? 2020-இல் ஊரடங்கின்போது இதே வேலூர் லாட்ஜுகளில் ஊருக்குப் போக முடியாமல் நோயாளிகள் தவித்தார்கள், புதிதாக யாரும் வரவில்லை. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் கலவரம் வந்து விசா குறைந்தபோது அங்கிருந்து வருவோர் குறைந்தார்கள். 2022-இல் ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் சி.எம்.சி.யின் புது வளாகம் வந்திருக்கிறது. கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே போகிறது. ஹோட்டல் படுத்தால் லிப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஆகும் செலவு யார் தலையில்? மேலே இருக்கும் பதினாறு குடும்பங்களின் தலையில்தான். பராமரிப்புச் செலவில் ஹோட்டல் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதி வாங்க வேண்டும். அடுக்குமாடி உரிமைக்கு 1994-இல் வந்த பழைய சட்டம் போய், 2022-இல் இயற்றிய புதுச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் சங்கத்துக்கு அதில் இடம் உண்டு. அந்தச் சங்கத்தில் ஹோட்டல்காரரும் ஓர் உறுப்பினராக உட்காரட்டும்.

ஊர் நடுவில் இப்படிக் கட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி பக்கம், கடைத்தெரு பக்கம், வயசான காலத்தில் இதைவிட வசதியான இடம் ஏது? எல்லாம் ஒழுங்காக இருந்தால் நானே பக்கத்து ஃப்ளாட்டுக்கு வந்துவிடுவேன்.

நாத்தனார் ஒரு பழைய நோட்டில் பதினோரு கேள்வி எழுதிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, கேட்டேன். ரெரா நம்பர் அடுத்த மாசமாம். கோட்டையிலேருந்து எத்தனை மீட்டர்னு கேட்டா, 'பக்கம்தாம்மா, பக்கம்தான்'னு சிரிக்கிறாரு."

"நீ என்ன சொன்னே?"

"நம்பர் வந்ததும் போன் பண்ணுங்க, மீட்டர் டேப்பை எடுத்துக்கிட்டு நானும் அவரும் வர்றோம்னு சொன்னேன். நகையைத் திரும்ப லாக்கர்லே வச்சாச்சு."

தரகரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.