நிலுவை 1,080 வராகன்

கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கதை தெரியாதவர் இல்லை. அதற்குள் கிடக்கும் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 1798 மே மாத முடிவில் அவருடைய பாளையமான பாஞ்சாலங்குறிச்சியின் கிஸ்தி பாக்கி 3,310 வராகன். அதே ஆண்டு செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன்னிலையில் கணக்குப் பார்த்தபோது மீதி 1,080தான். பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் செத்தார், ஜாக்சனின் பதவி போனது, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு.

வீரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு இதை வெறும் வரி நிர்வாகமாகப் பாருங்கள். ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் செய்துகொண்ட 1792 உடன்படிக்கைப்படி பாளையங்களில் திறை வசூலிக்கும் உரிமை கம்பெனியிடம் போனது. பெயருக்கு நவாப், பணமோ நவாப் கம்பெனிக்குத் தர வேண்டியதில் வரவு. கட்டுகிறவன் ஊருக்கு அதில் ஒரு குளம் தூர்வாரப்படும் என்ற பேச்சே கிடையாது.

இதற்கு நேர்மாறாக, வரியை விதிப்பதும் வசூலிப்பதும் செலவழிப்பதும் ஊர் மன்றத்தின் பொறுப்பாக வேண்டும் என்பதுதான் 1992இன் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் நோக்கம். கயத்தாறு பேரூராட்சிக்கும் அதே சட்டம்தான். ஆனால் ஊரில் பணம் புரளும் இடங்களை எண்ணிப் பார்த்தால் பேரூராட்சிக்கு எட்டுவது குறைவு. நான்குவழிச் சாலையில் சாலைப்புதூர் சுங்கச்சாவடியில் விழும் காசு தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு. சுற்றிலும் சுழலும் காற்றாலைகளின் வருமானம் அவற்றை நிறுத்தியவர்களுக்கு. இங்கே தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. மத்திய அரசுச் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவு இடம் தருவதில்லை. செய்து கொடுக்கும் வசதிகளுக்குச் சேவைக் கட்டணம் கேட்கலாம், அவ்வளவுதான். தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1988இல் வைத்தது. அன்றைய 2,500 ரூபாயின் மதிப்பு என்ன, இன்றைய மதிப்பு என்ன என்று பார்த்து டெல்லி அதை உயர்த்தியதாகத் தெரியவில்லை.

மிஞ்சுவது சொத்து வரி. நெல்லைச் சீமையில் தீர்வை என்பார்கள்.

சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் அது 2008இல் திருத்தப்பட்டது. அடுத்த திருத்தம் 2022இல். பதினான்கு ஆண்டு விட்டதை ஒரே மூச்சில் பிடித்தார்கள். 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200க்குள் 50, 1,800க்குள் 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. மக்கள் கொதித்தார்கள். நியாயம்தான். ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2022-23 முதல் நகர்ப்புற உள்ளாட்சி மானியம் பெற 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது: மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், அதன் பிறகு மாநிலத்தின் மொத்த உற்பத்தி எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அந்த வேகத்தில் வரி வசூலும் ஏற வேண்டும். வரவு செலவுக் கணக்கையும் பொதுப்பார்வைக்கு இணையத்தில் வைக்க வேண்டும். ஆக, இந்த நிபந்தனைப்படி ஒரு பேரூராட்சியில் தீர்வை பாக்கி விழுந்தால் அந்தத் தொகை மட்டும் போவதில்லை, வசூலைச் சாட்சியாகக் காட்டிப் பெற வேண்டிய குடிநீர், துப்புரவு மானியமும் ஆட்டம் காணும். இந்திய நகராட்சிகளின் மொத்த வருவாய் பத்தாண்டுக்கு மேலாக நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது என்று 2022இல் ரிசர்வ் வங்கி எழுதியது. இதில் இரட்டை நட்டத்தைத் தாங்க எந்தச் சிற்றூருக்கும் தெம்பில்லை.

வசூல் குறைந்தால் பில் கலெக்டரைத் திட்டுவது வழக்கம். கோளாறு பெரும்பாலும், யாரிடம் எவ்வளவு வரி கேட்பது என்று எழுதிவைக்கும் கேட்புப் பதிவேட்டில் இருக்கும். தாத்தா பெயரில் வரி விதிப்பு எண். அவர் காலமாகிப் பல ஆண்டாகியும் பெயர் மாற்றவில்லை. ஏட்டில் ஓட்டு வீடு. நேரில் போனால் கீழே இரண்டு கடை, மேலே மாடி, வாடகைக்குக் குடித்தனம். கேட்பே தப்பு என்றால் நூற்றுக்கு நூறு வசூலித்துப் பயனில்லை. அட்டவணை மட்டும் அழகாக இருக்கும்.

கணினி வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் மதுரையைப் பார்க்கட்டும். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களின் சொத்து வரியைக் குறைத்தார்கள் என்ற வழக்கில் 2025இல் மதுரை மாநகராட்சியே ஆடிப்போனது. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், பின்னர் மேயரும். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் அத்தனை பெரிய மாநகராட்சியில் ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் நடப்பதை உடனே கண்டுபிடிக்க ஆளில்லை என்றால், கைவிரல் விட்டு எண்ணும் ஊழியர்களை வைத்திருக்கும் பேரூராட்சியில் யார் தணிக்கை செய்வது?

கவுன்சிலர்கள் கேட்கலாம், கவுன்சில் இருந்தால். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் தனி அலுவலர்கள். தேர்தல் இல்லையென்று மத்திய அரசு மானியத்தை நிறுத்தி வைத்ததும் அந்தக் காலத்தில்தான். கயத்தாற்றைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்தது. பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243ஈ பிரிவு. வந்ததோ மறுபடியும் தனி அலுவலர்கள்தான்.